பழைய கிற்றார், புதிய கை: வாசகர் கேள்வி – பதில்

விலை கூடிய மின்கிற்றார்கள் பற்றி வந்த கேள்விகள் இம்முறை நிறைய. பெரும்பாலானவை வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து தந்தவை அல்லது விட்டுப்போனவை பற்றியவை. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து வந்த சித்தப்பா ஒரு கிப்சன் லெஸ் போல் தந்துவிட்டுப் போனார். தலையின் பின்புறத்தில் மையால் ‘9 0412’ என்று இருக்கிறது. 9 என்றால் 1959 என்றும், கோடிக்கணக்கில் விலை போகும் என்றும் நண்பர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?
— வாசகர், நல்லூர்

பதில்: நண்பர் அரைவாசி சரியாகச் சொல்லியிருக்கிறார். 1958 முதல் 1960 வரை அமெரிக்க நிறுவனமான கிப்சன் செய்த சன்பேர்ஸ்ற் நிற (நடுவில் வெளிறி, விளிம்பில் கருக்கும் நிறம்) லெஸ் போல் ஸ்ராண்டர்ட், உலகில் மிகக் கூடிய விலைக்குப் போகும் மின்கிற்றார் வகைகளில் ஒன்று. நல்ல நிலையில் இருந்தால் பல இலட்சம் அமெரிக்க டொலர். அந்தக் காலத்தில் தொடரிலக்கத்தின் முதல் எண் ஆண்டின் கடைசி எண்ணைக் குறித்ததும் சரிதான்.

சிக்கல் என்னவென்றால், 1990களிலிருந்து கிப்சனே அந்த 1959 மாதிரியை அச்சொட்டாகத் திரும்பச் செய்து விற்கிறது. இலக்கமும் அதே மை, அதே இடைவெளி. மீள்பதிப்பில் முதல் எண், எந்த ஆண்டின் பிரதி என்பதைச் சொல்லும். இரண்டாவது எண்தான் உண்மையில் செய்யப்பட்ட ஆண்டின் கடைசி எண். அப்படிப் பார்த்தால் உங்களுடையது 2000, 2010, 2020 ஆகியவற்றில் ஒன்றில் செய்த 1959 மாதிரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வணிகர்கள் இதை ‘ஆர் நைன்’ என்பார்கள். இதுவும் மலிவுச் சாமான் இல்லை; ஆயிரக்கணக்கான டொலர் பெறும். ஆனால் அசலுக்கும் இதற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

மூன்றாவது சாத்தியம் ஒன்றும் உண்டு: சீனத்தில் செய்த போலி. பார்க்கும் முறையைச் சொல்கிறோம்.

பிளக்கைக் கழற்றி, கிற்றாரை மெத்தென்ற துணியில் கவிழ்த்து, பின்பக்கத்துப் பெரிய பிளாஸ்ரிக் மூடியின் நான்கு ஸ்குரூக்களையும் எடுங்கள். உள்ளே எதையும் தொடுவதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மீள்பதிப்புகளில் இந்தக் குழிக்குள் ‘ஆர்9’ என்ற முத்திரை இருக்கும். குமிழ்களுக்கு அடியில் வட்டத் தகரமாகத் தெரியும் பொட்டுகளின் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மாறுதடைகளின்) முதுகில் எண்கள் அடித்திருக்கும். ஐம்பதுகளின் கிப்சனில் அது 134 என்று தொடங்கும், அது சென்ரலாப் நிறுவனத்தின் குறியீடு. அடுத்த இரண்டு எண்கள் ஆண்டு, கடைசி இரண்டு எண்கள் கிழமை. 1345922 என்றிருந்தால் 1959ஆம் ஆண்டின் 22ஆம் கிழமை. பொட்டின் திகதி, கிற்றார் அதற்கு முந்தியதல்ல என்பதை மட்டுமே காட்டும். பழைய பொட்டை வாங்கிப் புதிய கிற்றாரில் பற்றவைக்கும் கெட்டிக்காரரும் இருக்கிறார்கள். ஆகவே சோல்டரையும் பாருங்கள்: பழையது மங்கிச் சாம்பல் பூத்திருக்கும், அண்மையில் உருக்கியது பளபளக்கும்.

போலியைப் பிடிக்க இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. தலையின் முன்பக்கத்தில் ட்ரஸ் றொட்டின் (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் இரும்புக் கோல்) நுனியை மூடும் மணி வடிவத் தகட்டை அசல் கிப்சன் இரண்டு ஸ்குரூவால் பூட்டும். மூன்று இருந்தால் அங்கேயே கதை முடிந்தது. தகட்டைக் கழற்றினால் உள்ளே 5/16 அங்குலப் பித்தளை நட் தெரியவேண்டும். போலிகளில் பெரும்பாலும் அலன் சாவித் துளை இருக்கும். கம்பிகள் உடலில் ஏறி உட்காரும் பிரிட்ஜைத் தாங்கும் இரண்டு தூண்களையும் பாருங்கள். ஐம்பதுகளின் முறைப்படி அவை மெல்லிய மரையாணிகள், நேரே மரத்துக்குள் இறங்கியிருக்கும், விரலால் திருப்பும் சிறு சக்கரத்தில் பிரிட்ஜ் உட்காரும். தடித்த தூணும் தலையில் பெரிய ஸ்குரூ வெட்டும் இருந்தால் அது 1959இன் பிரதிகூட இல்லை.

ஆர் நைன்தான் என்று உறுதியானால், அதனோடு வந்த பெட்டியையும் சான்றிதழையும் தேடி எடுங்கள். அவை இல்லாவிட்டால் விற்கும்போது விலையைக் குறைத்தே கேட்பார்கள்.

கேள்வி: என்னுடைய லெஸ் போலில் மை இல்லை, மரத்தில் பதித்த எட்டு எண்கள்: 82765518. எந்த ஆண்டு?
— வாசகர், சுன்னாகம்

பதில்: 1985. 1977இலிருந்து கிப்சன் பாவித்த எட்டு எண் முறையில் முதலாவதும் ஐந்தாவதும் சேர்ந்து ஆண்டு, இடையிலுள்ள மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 276ஆம் நாள், அதாவது ஒக்ரோபர் 3. கடைசி மூன்று எண்களும் அன்றைய வரிசை.

கேள்வி: குருநகரில் கடலுக்குக் கிட்ட வீடு. தேவாலயக் குழுவில் பிஆர்எஸ் கிற்றார் ஒன்று வாசிக்கிறேன். புதுக் கம்பி மூன்று கிழமைக்குள் கறுத்துவிடுகிறது, பிரிட்ஜ் ஸ்குரூக்கள் துருவேறி இறுகிவிட்டன, குமிழைத் திருப்பினால் கரகரவென்கிறது. தேங்காயெண்ணெய் பூசினால் காப்பாற்றலாமா?
— வாசகர், குருநகர்

பதில்: தேங்காயெண்ணெய் வேண்டாம், நல்லெண்ணெயும் வேண்டாம். இவை ஒழுங்காகக் காய்வதில்லை. மரத்தின் நுண்துளைக்குள் தங்கி, சிக்கு நாற்றம் எடுத்து, விரல் அழுக்கையும் தூசியையும் பிடித்துவைக்கும்.

உங்கள் எதிரி ஈரம் மட்டுமில்லை, உப்பு. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் தூள் தானாக நீரை இழுத்துக் கரையும். நம் கரையோரத்தில் பெரும்பாலான இரவுகளில் அந்த அளவு தாண்டுகிறது. அப்போது கம்பியிலும் ஸ்குரூவிலும் படிந்தது ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம். அதற்குள் நிக்கல் பூச்சின் ஊசித்துளை வழியாக உள்ளிருக்கும் இரும்பு துருவேறுகிறது. வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைப்பதில் ஒரு குறை உண்டு: உப்பு போகாது, இடம் மாறும். பழைய பருத்திச் சாரத் துணியில் ஒரு துண்டை எடுத்து, பற்றறிக் கடையில் விற்கும் வடித்த தண்ணீரில் மட்டுமட்டாக நனைத்துப் பிழிந்து, கம்பியையும் பிரிட்ஜையும் துடையுங்கள். உடனே காய்ந்த துணியால் ஒற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், நம் சுண்ணாம்புத் தண்ணீர் வெள்ளைப் படிவை விட்டுவிட்டுப் போகும்.

இறுகிய ஸ்குரூவுக்குத் துரு இளக்கும் எண்ணெயை ஸ்பிறேயாக அடிக்காமல், பல்லுக்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு துளி தொட்டு வையுங்கள். ஓர் இரவு விடுங்கள். மறுநாள் திருப்பும்போது சாவி சரியான அளவாக இருக்கவேண்டும். அமெரிக்கக் கிற்றார்களின் சாவி அங்குல அளவு. உதாரணமாக ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ராற்றோகாஸ்ரரில், பிரிட்ஜின் மேல் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சாடிலின் ஸ்குரூவுக்கு 0.050 அங்குலம், அதாவது 1.27 மில்லிமீற்றர். நம்மூர் மில்லிமீற்றர்ச் சாவிக் கொத்தில் 1.5 உள்ளே போகாது, 1.2 வழுக்கி மூலையைத் தின்றுவிடும். சாடில் ஸ்குரூக்கள் கெட்டுப்போவதில் பாதி துருவால் அல்ல, பிழையான சாவியால்தான்.

கரகரக்கும் குமிழுக்கு மின் தொடுகைக்கான கிளீனர் வாங்குங்கள். பின் மூடியைத் திறந்து, பொட்டின் கால்களுக்கு மேலே தெரியும் இடுக்கினுள் ஒரு விநாடி அடித்து, குமிழை முப்பது தடவை முழுக்கத் திருப்புங்கள். கதவுப் பிணைச்சலுக்கு அடிக்கும் பொது எண்ணெய் ஸ்பிறே வேண்டாம். அது உள்ளேயுள்ள கிரீஸைக் கழுவிவிடும், குமிழ் பிறகு தளர்ந்து சுற்றும்.

வைக்கும் இடம்: சுவரில் தொங்கவிடுவது அழகுதான், உங்கள் ஊரில் கட்டாது. மூடிய பெட்டிக்குள், ஒரு சின்ன ஈரப்பதமானியோடு வையுங்கள். இலக்கு 45 முதல் 55 சதவீதம். முதலில் 200 கிராம் சிலிக்கா ஜெல் துணிப்பையில் கட்டிப் போடுங்கள், கம்பிப் பக்கத்தில் படாமல். செம்மஞ்சள் மணி பச்சையானால் 120 பாகை அவனில் இரண்டு மணித்தியாலம் காயவைத்துத் திரும்பப் போடலாம். மானி 40க்குக் கீழே இறங்கினால் பாதியை எடுத்துவிடுங்கள்; மிகை உலர்வில் விரற்பலகை சுருங்கி, பிரெற்றின் (விரற்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கீற்று) முனைகள் விளிம்பால் துருத்திக் கையைக் கீறும். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுபோகும் நாளில் பெட்டியைத் திறக்காமல் அரை மணித்தியாலம் விடுங்கள், இல்லையென்றால் குளிர்ந்த இரும்பில் வியர்வைபோலத் தண்ணீர் பூக்கும். மாதம் ஒருமுறை பெட்டியின் மூலைகளையும் பாருங்கள். பல்லி முட்டையும் பூஞ்சணமும் அங்கேதான் குடியிருக்கும்.

கேள்வி: பழைய ஸ்ராண்டில் வைத்த இடத்தில் லெஸ் போலின் வார்ணிஷ் இளகிப் பிசுபிசுக்கிறது. ஏன்?
— வாசகர், கொக்குவில்

பதில்: கிப்சனின் பூச்சு நைற்றோ லக்கர். ஸ்ராண்டின் றப்பரிலும் பிவிசியிலும் உள்ள இளக்கி, லக்கருக்குள் இறங்கி அதைக் கரைக்கும். றெக்சின் தோள்பட்டியும் பிவிசி வயரும் பெட்டிக்குள் உடம்போடு ஒட்டிக் கிடந்தாலும் இதே கதி. இளகிய இடத்தைத் தொடாமல் காற்றோட்டத்தில் சில கிழமை விடுங்கள், ஓரளவு இறுகும். தடம் போகாது. ஸ்ராண்டின் கைகளுக்குப் பருத்தித் துணி சுற்றுங்கள். பொலியெஸ்ரர் பூச்சுள்ள கிற்றார்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. ஃபெண்டர் அறுபதுகளின் கடைசியில் அந்தப் பூச்சுக்கு மாறியது.

அழுக்கு எடுக்க சிகரெற் லைட்டருக்கு ஊற்றும் நப்தா பாவிக்கலாம், நைற்றோவை ஒன்றும் செய்யாது. பெயின்ற் தின்னர், நகப்பூச்சு அகற்றி, ஸ்பிரிட் மூன்றும் லக்கரை உரித்துவிடும். சிலிக்கன் கலந்த கார்ப் பொலிஷும் வேண்டாம்: பின்னாளில் லக்கர் திருத்த நேர்ந்தால் புதுப்பூச்சு அந்த இடத்தில் ஒட்டாமல் குழிகுழியாக விலகும்.

கேள்வி: 1966 ஃபெண்டர் ஸ்ராற்றோகாஸ்ரர். நடுப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) மட்டும் தகரம் தட்டியதுபோல மெல்லிய சத்தம். மல்ரிமீற்றரில் மற்ற இரண்டும் 5.9, 6.1 கிலோ ஓம் காட்டுகின்றன. நடுவில் ஒன்றும் காட்டவில்லை. மோட்டர் வைன்டிங் செய்யும் கடையில் திரும்பச் சுற்றலாமா?
— வாசகர், மானிப்பாய்

பதில்: சுருள் எங்கோ அறுந்திருக்கிறது. அறுந்தும் சத்தம் கொஞ்சம் வருவதற்குக் காரணம், அறுந்த இரு முனைகளுக்கும் இடையில் மின்தேக்கம்போல உயர் சுரங்கள் மட்டும் தாண்டிப் போவதே. தகரச் சத்தம் அதுதான்.

அந்தக் காலத்து ஃபெண்டர் பிக்கப்பில் செப்புக் கம்பி பிளாஸ்ரிக் பொபினில் சுற்றப்படவில்லை. ஆறு காந்தக் குச்சிகள், மேலும் கீழும் அழுத்தமட்டைத் தட்டுகள், குச்சிகளுக்கு ஒரு லக்கர்ப் பூச்சு, அதன் மேலேயே நேரடியாகக் கம்பி. லக்கர் விட்டுப்போன இடத்தில் காந்தம் துருவேறும். துரு விரிந்து உட்சுற்றுக் கம்பியைத் தின்றுவிடும். உப்புக்காற்றில் இது விரைவாக நடக்கும். வாத்தியம் வாசிக்கும்போது விரல் படும் குச்சியின் மேல் நுனியை எவராவது கீழே அழுத்தினாலும் அப்படியே அறும். ஆகவே காந்தக் குச்சியை ஒருபோதும் தள்ளவோ இழுக்கவோ கூடாது.

முதலில் மூடியைக் கழற்றி உருப்பெருக்கியால் அடித்தட்டின் இரு சிறு குழாய்க் கண்களைப் பாருங்கள். சுருளின் முனை அங்கே சோல்டராகிறது. அதிர்ஷ்டமிருந்தால் அறுந்த இடம் அதுவாகவே இருக்கும். றொசின் பிளக்ஸோடு ஒரு விநாடி சூடு போதும். அங்கில்லையென்றால் அறுப்பு உள்ளே.

மோட்டர்க் கடைக்கு வேண்டாம். பிக்கப்புக் கம்பி 42 கேஜ், தடிப்பு 0.063 மில்லிமீற்றர், தலைமயிரளவு. சுற்றுக்கள் எண்ணாயிரம் அளவில். மின்விசிறிக் கம்பிக்குப் பழகிய இயந்திரத்தின் இழுவை இதை நூறு சுற்றுக்குள் அறுத்துவிடும். மேலும் 1966 பிக்கப்பின் பழைய கம்பியும் அடித்தட்டிலுள்ள திகதியும் விலைக்கு உரிய சான்றுகள். எங்கள் கருத்து: இப்போதைக்கு ஒரு நல்ல மாற்றுப் பிக்கப் வாங்கிப் பூட்டி வாசியுங்கள். அறுந்ததை அதன் ஸ்குரூ, ஸ்பிரிங், மூடியோடு ஒரு பையில் போட்டு, பெயர் எழுதி, பெட்டியிலேயே வையுங்கள். பிக்கப் மட்டுமே சுற்றும் ஒரு கைவினைஞர் பிறகு கிடைத்தால் பார்க்கலாம்.

மீற்றர் வாசிப்புப் பற்றி ஒன்று. நீங்கள் கேபிள் வழியாக, ஒலியளவு முழுக்கத் திறந்து பார்த்திருந்தால், 250 கிலோ ஓம் பொட் இணையாகச் சேர்வதால் 6.0 உள்ள பிக்கப் 5.86 என்று காட்டும். இன்னொரு பக்கம், செம்பின் தடை ஒரு பாகைக்கு 0.39 சதவீதம் ஏறும். 20 பாகையில் 8.0 காட்டும் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்), நம்மூர் மத்தியான வெயிலில் 32 பாகையில் 8.37 காட்டும். வெளிநாட்டு விற்பனையாளர் எழுதிய எண்ணோடு உங்கள் எண் பொருந்தவில்லை என்று சண்டைக்குப் போகமுதல் இந்த இரண்டையும் கழித்துப் பாருங்கள்.

கேள்வி: பழைய கிற்றார் இனிமையாக ஒலிப்பது மரம் காய்ந்ததாலா, காந்தம் வயதானதாலா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: இரண்டும் சொல்லப்படும் அளவுக்கு இல்லை என்பதே எங்கள் எண்ணம். பிக்கப்பிலுள்ள அல்னிக்கோ காந்தம் தானாக இழக்கும் பலம் மிகச் சிறிது. கடும் சூடோ, பெரிய ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு அருகில் வைப்பதோதான் அதைக் குறைக்கும். ஐம்பதுகளின் கிப்சன் ஹம்பக்கர்களை எடுத்தால், ஒரே ஆண்டில் செய்த இரண்டு ஒரே மாதிரி இல்லை: காந்த வகையும் மாறும், சுற்றும் மாறும், மெழுகிலும் முக்கவில்லை. ஒரு பழைய கிற்றார் பிரமாதம் என்றால் அது நன்றாகப் பிறந்தது. சுமாராகப் பிறந்தவை இவ்வளவு காலம் கவனமாகக் காப்பாற்றப்படவில்லை.

நிச்சயமாக மாறுவது பொட். 500 என்று எழுதிய பழைய பொட் அளந்தால் 400 இருக்கும், 580 இருக்கும். குறைந்தால் உயர் சுரம் மங்கும். அதைவிடப் பெரிய வேறுபாடு கேபிளில். சாதாரண கேபிள் ஒரு மீற்றருக்கு 100 பிக்கோஃபராட் அளவு. ஹம்பக்கரின் தூண்டம் 4.4 ஹென்றி என்றும், அதன் சொந்தக் கொள்ளளவு 100 பிக்கோஃபராட் என்றும் கொண்டால், 6 மீற்றர்க் கேபிளில் ஒலி மிக ஓங்கும் முகடு 2.9 கிலோ ஹேர்ட்ஸில் விழும். 3 மீற்றரில் 3.8க்கு ஏறும். நண்பரின் பழைய லெஸ் போல் ‘சூடாக’ ஒலிக்கிறது என்று நீங்கள் கேட்பதில் ஒரு பகுதி அவருடைய நீளக் கேபிள். ஒப்பிடுவதானால் ஒரே கேபிள், ஒரே அம்ப், ஒரே வயதுக் கம்பி. அதன்பிறகு பேசலாம்.

கேள்வி: ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று தொடங்கினால் கம்பியின் உயரம் மாறிவிடுகிறது, ஆடிச் சோளகத்தில் வேறு மாதிரி. ட்ரஸ் றொட்டைத் திருப்பலாமா?
— வாசகர், கோப்பாய்

பதில்: அளந்துவிட்டுத் திருப்புங்கள். கழுத்து எந்தப் பக்கம் வளையும் என்பது மரத்துக்கு மரம், பூச்சுக்குப் பூச்சு மாறும்; கண்ணால் ஊகிக்க முடியாது.

சுருதி சேர்த்த நிலையில், வாசிப்பதுபோல் பிடித்து, தடித்த கம்பியை முதலாம் பிரெற்றிலும், கழுத்து உடலோடு சேரும் பிரெற்றிலும் அழுத்துங்கள். ஏழாம் எட்டாம் பிரெற்றின் உச்சிக்கும் கம்பிக்கும் இடையில் 0.20 முதல் 0.25 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கவேண்டும். கராச்சில் டப்பெட் பார்க்கும் பீலர் கேஜ் இதற்கு அப்படியே போதும். கூடுதலாக இருந்தால் நட்டை வலஞ்சுழியாக, ஒரு முறைக்குக் கால் சுற்று. கிற்றார் பழையதென்றால் எட்டிலொரு சுற்று, அதுவும் கம்பியைத் தளர்த்திய பின். திரும்பச் சுருதி சேர்த்து, ஓர் இரவு விட்டு அளவுங்கள். நட் இறுகி நகர மறுத்தால் நிறுத்துங்கள். உள்ளே றொட் அறுந்தால் திருத்தவேண்டியது கழுத்தையே. 1971க்கு முந்திய ஃபெண்டரிலும் அதன் பிரதிகளிலும் நட் கழுத்தின் அடியில் ஒளிந்திருக்கும். கழுத்து ஸ்குரூக்களைத் தளர்த்தித் தூக்கவேண்டும்.

இது சரியான பிறகு பன்னிரண்டாம் பிரெற்றில் தடித்த கம்பி 2.0, மெல்லியது 1.5 மில்லிமீற்றர். அப்படியும் ஒரே ஒரு இடத்தில் உரசினால் அது கழுத்தில்லை, அந்தப் பிரெற் எழும்பியிருக்கிறது.

கேள்வி: லண்டனிலிருந்து அண்ணர் ஒரு லெஸ் போல் அனுப்பப் போகிறார். தலை முறிந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.
— வாசகர், பருத்தித்துறை

பதில்: பயம் நியாயமானது. லெஸ் போலின் தலை 17 பாகை பின்னால் சாய்ந்திருக்கிறது, கழுத்து மஹோகனி, மரத்தின் நார் அந்த இடத்தில் குறுக்கே வெட்டுப்படுகிறது. அதோடு ட்ரஸ் றொட் நட்டுக்காகத் தோண்டிய குழி மிச்ச மரத்தையும் மெலிதாக்குகிறது. பெட்டி முதுகுப்பக்கமாக விழுந்தால் ரியூனிங் கீகளின் பாரத்தோடு தலை சவுக்குப்போல வீசப்பட்டு, வெளியே ஒரு கீறல் இல்லாமலே உள்ளே முறியும்.

அண்ணரிடம் சொல்லவேண்டியது: கம்பியை ஒன்றிரண்டு சுரம் இறக்கவும். கழுத்தின் கீழ், தலைக்குச் சற்று முன்னால் துணிச்சுருள் வைத்து, தலையின் பின்புறம் பெட்டியில் தொடாமல் காற்றில் நிற்கவேண்டும். முன்பக்கத்திலும், இரு பக்கத்திலும் துணி. மூடிக் குலுக்கினால் ஒன்றும் அசையக்கூடாது. பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஐந்து சென்ரிமீற்றர் நிரப்பியோடு வெளி அட்டைப்பெட்டி. இங்கே வந்து சேர்ந்ததும் ஆவலில் உடனே திறக்கவேண்டாம். விமானக் குளிரில் இருந்து வந்த நைற்றோ லக்கர் நம்மூர் வெக்கையில் பட்டென்று வெடிப்புக் கோடுகள் விடும். மூடியபடியே ஒரு நாள் அறையில் கிடக்கட்டும்.

முறிந்தே வந்தால் சுப்பர் குளூவோ அரல்டைற்றோ தொடவேண்டாம். முறிந்த முகங்களை விரலாலும் தடவவேண்டாம். கம்பியைக் கழற்றி, அப்படியே திருத்துநரிடம் கொடுங்கள். விலங்குப் பசையோ நல்ல தச்சுப் பசையோ இட்டு முறையாகக் கிளாம்ப் பூட்டினால் அந்த ஒட்டு, மரத்தை விட உறுதியாக நிற்கும், சத்தத்திலும் வேறுபாடு தெரியாது. விலை மட்டும் ஏறத்தாழப் பாதியாகும். வணிகரிடையே நெடுநாள் வழக்கு இது. வாசிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால், ஒட்டிய தலையுள்ள நல்ல லெஸ் போலைப் போல இலாபமான கொள்வனவு வேறில்லை.

பழைய கிற்றாரென்றால் விரற்பலகை மரத்தையும் கேளுங்கள். அறுபதுகளின் நடுப்பகுதி வரை கிப்சனும் ஃபெண்டரும் பாவித்த பிரேசில் றோஸ்வூட், 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் முதலாம் அட்டவணையில் இருக்கிறது. எல்லை தாண்டி விற்க அனுமதிப்பத்திரம் வேண்டும், இல்லாவிட்டால் பறிமுதலாகலாம். இந்திய றோஸ்வூட்டில் செய்து முடித்த இசைக்கருவிக்கு 2017இல் வந்த கெடுபிடி 2019 நவம்பரோடு தளர்ந்துவிட்டது.

கேள்வி: கீறல் விழுந்த என் 1970களின் கிற்றாரைப் புதிதாகப் பெயின்ற் செய்தால் விலை கூடுமா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: பாதியாகும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ற் வால்வ் அம்ப். இங்கே எப்படி?
— வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: 230இல் நேரே செருகினால் அன்றோடு சரி. ஸ்ரெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வேண்டும். அம்பின் முதுகில் எழுதிய வாற்றின் இரு மடங்கு தாங்குவதாக எடுங்கள். 60 ஹேர்ட்ஸுக்கென மட்டும் செய்த அம்ப் நம் 50 ஹேர்ட்ஸில் கூடச் சூடேறும், ஆகவே முதல் நாட்களில் மணித்தியாலத்துக்கு ஒருமுறை உள் ட்ரான்ஸ்போமரைக் கைவைத்துப் பாருங்கள், பிளக்கைக் கழற்றிவிட்டு. மூன்றாவது முள்ளான புவி வயர் ட்ரான்ஸ்போமரைத் தாண்டி அம்ப் வரை தொடரவேண்டும். மலிவான பெட்டிகள் பலவற்றில் அது நடுவிலேயே அறுந்துபோகும். திருவிழா மேடையில் அம்ப் ஒரு ஜெனரேற்றரிலும் மைக் மிக்சர் வேறு இணைப்பிலும் இருந்தால், பாடமுதல் மல்ரிமீற்றரை ஏசியில் வைத்து ஒரு முனையைக் கம்பியிலும் மற்றதை மைக்கின் வலையிலும் தொடுங்கள். சில வோல்ற்றுக்கு மேல் காட்டினால் உதட்டை மைக்கில் வைக்காதீர்கள்.

கேள்வி: மாமா இறந்த பிறகு அவருடைய இரண்டு கிற்றார்கள் வந்து சேர்ந்தன. விற்க வேண்டும். துடைத்துப் புதுக்கம்பி போட்டு வைக்கலாமா? வாங்குபவர்கள் என்ன பார்ப்பார்கள்?
— வாசகர், ஊர்காவற்றுறை

பதில்: கம்பி போடலாம். வேறெதையும் தொடவேண்டாம். துரு, மங்கல், வெடிப்பு எல்லாம் வாங்குபவர் படிக்கும் சான்று. பெட்டியின் பொக்கற்றில் கிடக்கும் பழைய ரசீது, கழற்றிய சாடில், முறிந்த கீயின் பிளாஸ்ரிக் தலை, தோள்பட்டி, ஒன்றையும் குப்பையில் போடாதீர்கள்.

தெரிந்த ஒருவர் வாங்கவந்தால் பெரும்பாலும் கையில் ஓர் ஊதா ரோர்ச் இருக்கும், கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்கும் அதே வகை. அறையை இருட்டாக்கி அடித்தால் பழைய நைற்றோ லக்கர் பச்சை கலந்த மஞ்சளில் மங்கலாக ஒளிரும். பின்னால் தொட்ட இடம் கருந்திட்டாகக் கிடக்கும். தலைக்கும் கழுத்துக்கும் இடையே ஒரு கருங்கோடு ஓடினால் ஒட்டிய முறிவு. நீங்களே முதலில் அடித்துப் பாருங்கள். இருப்பதை மறைக்காமல் சொன்னால் பேரம் ஒரே தடவையில் முடியும். அடுத்து பிரெற்றின் உயரம் அளப்பார்கள்: புதிதில் 1.0 முதல் 1.4 மில்லிமீற்றர், 0.6க்குக் கீழே வந்திருந்தால் மாற்றும் செலவைக் கழிப்பார்கள். ரியூனிங் கீயின் பின்னால் கூடுதல் ஸ்குரூத் துளை இருந்தால் கீ மாற்றப்பட்டது.

மாற்றிய உதிரி விலையைக் குறைக்கும் என்பது சாதாரணக் கிற்றாருக்கு. பிங்க் ஃபுளொய்ட் குழுவின் டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ராற்றோகாஸ்ரரில் கழுத்தும் பிக்கப்பும் பல தடவை மாற்றப்பட்டவை. 2019இல் நியூயோர்க் கிறிஸ்ரீஸ் ஏலத்தில் 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலருக்குப் போனது. அங்கே விற்றது மரமில்லை, கை. உங்கள் மாமாவிடம் அப்படி ஒரு பெயர் இல்லையென்றால் அசல் உதிரிகளையே நம்புங்கள்.

எங்கே விற்பது? யாழ்ப்பாணத்தில் கிடைப்பது வாசிப்பவர் தரும் விலை. 1960களின் அசலென்று மேலே சொன்ன சோதனைகளில் தெரிந்தால் அந்தச் சந்தை வெளிநாட்டில்தான். அங்குள்ள பழங்கிற்றார்க் கடையில் உறவினர் மூலம் தரகுக்கு வைக்கலாம், ஐந்திலொரு பங்கு அளவில் தரகு போகும். 1980க்குப் பிந்திய சாதாரண மாதிரியென்றால் அனுப்பும் செலவுக்கும் தரகுக்கும் கட்டாது, இங்கேயே கொடுங்கள். படம் எடுப்பதானால்: முன், பின், தலையின் இருபுறம், தொடரிலக்கம், கழுத்தடிக் குழி, பொட்டுகளின் முதுகு, பிக்கப்பின் அடி. வெயிலில் வைத்து எடுக்கவேண்டாம். சன்பேர்ஸ்ற்றின் சிவப்புச் சாயம் வெளிச்சத்துக்கு மங்குவது. காசு வங்கிக்கு வந்த பிறகே பெட்டி கைமாறட்டும், தொடரிலக்கம் எழுதிய கைச்சாத்துத் துண்டு ஒன்று இரு தரப்பிடமும் இருக்கட்டும்.